தெற்கே என்று கை காட்டினோம்

கலை,

உன் நைனா எழுதுகிறேன். நானேதான். நான் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே. இந்த முதல் நாலு வரியை எழுதுவதற்குள் உன் அம்மா சோறு வடித்து, குழம்பும் இறக்கிவிட்டாள். 'ழ' வருகிற இடத்தில் எல்லாம் கை தயங்குகிறது. சுழித்துக் கீழே இறக்கி முடித்ததும் ஒரு சந்தோஷம் வருகிறது பார், அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா, பொண்ணு பாக்கப் போற மாப்ள மாதிரி சிரிச்சினு இருக்க?" என்று கேட்டாள். பாப்பாவுக்கு எழுதுகிறேன் என்றேன். அவள் விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

இதை எல்லோரும் படிப்பார்கள் என்று முதலிலேயே உன்னிடம் சொல்லிவிடுகிறேன். செல்வராசு வீட்டு மருமகள் ரேவதி இருக்கிறாளே, நீ அவள் கல்யாணத்துக்கு வந்திருந்தாய், அவள்தான் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் சாயங்காலம் எங்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறாள். கற்றுக்கொண்டவர்கள் எழுதுவதைப் போனில் எல்லோரும் படிக்கிற மாதிரி ஒரு பக்கம் வைத்திருக்கிறாள். இந்தக் கடிதமும் அதில்தான் வரும். உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை ஏன் ஊர் முன்னால் சொல்கிறேன் என்று நீ கேட்பாய். உன்னைப் பற்றிக் கரையில் பேசியவர்கள் எல்லோர் முன்னாலும்தான் பேசினார்கள். நானும் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருந்தேன். அதனால் இதுவும் எல்லோர் முன்னாலும் இருக்கட்டும்.

முட்டி வலி வந்து தினமும் கடலுக்குப் போவது நின்ற பிறகுதான் வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது கண்ணில் படுகிற எதையும் விடுவதில்லை. மருந்துக்கடைப் பலகை, சர்க்கரைப் பொட்டலம், சுவரில் குப்பை கொட்டாதே என்று எழுதியிருப்பது, எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிக்கிறேன். நீ சிதம்பரத்தில் விடுதியில் இருந்தபோது கருவாட்டுத் தொக்கு எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேனே, நினைவிருக்கிறதா? நடத்துனரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, கூட்டம் ஏறுகிற பேருந்தில் நானும் ஏறிவிட்டேன். நெல்லிக்குப்பம் தாண்டி, கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் வழி தப்பியது தெரிந்தது. அன்று சாயங்காலம்தான் உன்னிடம் வந்து சேர்ந்தேன். பேருந்து பழுதாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். போன வாரம் கடலூர் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்றேன். புவனகிரி. குறிஞ்சிப்பாடி. நெல்லிக்குப்பம். சிதம்பரம். ஒவ்வொரு பேருந்தும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வந்தது. சிதம்பரம் பேருந்து வந்தபோது மட்டும் கால் ஏறத் துடித்தது. அங்கே இப்போது நீ இல்லை என்று ஞாபகம் வந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ ஆராய்ச்சி செய்த நாட்களில் சனிக்கிழமை விடியற்காலை முதல் பேருந்தில் வந்து முதுநகரில் இறங்கி, வீட்டுக்குக்கூட வராமல் நேராகக் கரைக்கு வருவாய். கையில் அட்டை, காதோரம் பேனா. போட்டுகள் கரையேறும்போது ஒவ்வொன்றாகப் போய், கணவாய் மீன் எங்கே கிடைத்தது, எத்தனை பாகம் ஆழம், முட்டை ஒட்டியிருந்ததா என்று கேட்பாய். எனக்கு அப்போது நெஞ்சு நிமிர்ந்திருக்கும். வலையில் சிக்கெடுக்கிற மாதிரி குனிந்துகொண்டு உன் குரலையே கேட்டுக்கொண்டிருப்பேன். மீன் எடுக்க வருகிறவர்களும், நான்கைந்து போட்டுக்காரர்களும் சுற்றி நிற்பார்கள். "எங்க பாடு மாமா?" என்று நீ கேட்பாய். உன் கோவிந்தன் மாமா தலையைக்கூடத் தூக்காமல், "தெக்கால, பரங்கிப்பேட்டைக்கு நேரா, எட்டு பாகம்" என்பார். நீ எழுதிக்கொள்வாய். அடுத்தவனும் தெற்கே என்பான். அடுத்தவனும். பிறகு என்னிடம் வந்து, சிரித்துக்கொண்டே, ஊரான் மாதிரி, "நீங்க சொல்லுங்க அய்யா, எங்க பாடு?" என்பாய். நானும் தெற்கே கை காட்டினேன்.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கணவாய் முட்டையிட, பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். வெறும் மணலில் அது தங்காது. அதனால் நாங்கள் தென்னை ஓலையையும் பனை மட்டையையும் கட்டாகக் கட்டி, மணல் மூட்டையைச் சேர்த்துக் கடலுக்கு அடியில் இறக்குவோம். ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம். மேலே மிதவை கட்ட மாட்டோம், கட்டினால் அடுத்தவன் வந்து தூண்டில் போட்டுவிடுவான். கரையில் இருக்கிற அடையாளங்களை நேர் பார்த்து வைத்துக்கொண்டு, இடத்தை மனசுக்குள்தான் வைத்திருப்போம். ஓலை வாங்குவதும் கட்டுவதும் கொண்டுபோய் இறக்குவதும் எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும். அதனால் கரையில் யாராவது எங்கே பாடு, அதாவது எங்கே மீன் கிடைத்தது என்று கேட்டால் வேறு திசையில் கை காட்டுவோம். கேட்பவனுக்கும் அது தெரியும். நாளைக்கு அவனைக் கேட்டால் அவனும் அப்படித்தான் காட்டுவான். அதில் யாரும் ஏமாறுவதில்லை. காலை வணக்கம் சொல்கிற மாதிரி ஒரு பேச்சு அது. எங்கள் கரையில் அதற்குப் பொய் என்று பெயர் கிடையாது.

நீ இந்தக் கரையில் பிறந்தவள்தான், கலை. ஆனால் பெண்பிள்ளை என்று உன்னைக் கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து விடுதியில் விட்டுவிட்டோம். கரைக்கு வந்தால் மீன் எண்ணினாய், அம்மாவோடு ரயிலில் குறிஞ்சிப்பாடிச் சந்தைக்குப் போனாய், தராசு பிடித்தாய். போட்டுக்குள் நடக்கிற பேச்சு உனக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் கரையில் சொன்னதை வைத்து நீ எழுதிய கட்டுரை வந்த அன்று லட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். போனைத் திறந்து என் மடியில் வைத்தாய். உன் பெயர் எது என்று கேட்டேன். என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தாய். இங்கிலீஷ் எழுத்து, எறும்பு மாதிரி இருந்தது. இதை உலகத்தில் எங்கிருந்தும் படிக்கலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை, இதைப் படித்துவிட்டு இதற்கு மேலே மற்றவர்கள் வேலை செய்வார்கள் என்று சொன்னாய். போடுவதற்கு முன்னால் பெயர் சொல்லாத இரண்டு மூன்று பேர் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள் என்றும் சொன்னாய். அவர்கள் கடலூருக்கு வந்தார்களா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "இல்ல நைனா. நான் பாத்தேன்னு எழுதியிருந்தா பாத்திருக்கேன்னு நம்பித்தான் படிப்பாங்க" என்றாய். அன்று அந்த வார்த்தை எனக்குள் இறங்கவில்லை. லட்டு தின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் புயல் எச்சரிக்கைக்காக என்று ஒரு சின்னப் பெட்டியை என் போட்டில் வைத்தாய். நான் எங்கே இருக்கிறேன் என்று அது உனக்குச் சொல்லும் என்றாய். மகள் பார்க்கிறாள் என்று நானும் சந்தோஷமாக வைத்துக்கொண்டேன். கரையில் கை காட்டியதும் இந்தப் பெட்டி காட்டப்போவதும் ஒன்றோடு ஒன்று முட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாய். கோவிந்தனும் சாப்பிட வந்திருந்தார். நீ தட்டில் கை வைக்கவில்லை.

"நைனா, நீங்க தெக்கால போனதே இல்லியா?"

கோவிந்தன்தான் சிரித்தார். "தெக்கால எவன் போவான்? அங்க ஒரே சேறு."

"நீங்கதான மாமா சொன்னீங்க."

"கேட்டா சொல்றதுதான். எல்லாருந்தான் சொல்றோம். நீ அத அப்டியே எழுதிப்பன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

நீ அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். "எங்கிட்டயுமா நைனா?"

"நாலு பேரு நிக்கற எடத்துல கேட்ட. அங்க வேற இன்னாம்மா சொல்லுவாங்க?" என்றேன். "வூட்ல வந்து சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாய். என்னுடைய இடத்தை உன்னிடம் சரியாகச் சொல்லியிருந்தால், மற்றவர்கள் சொன்னது தப்பு என்று உனக்குத் தெரிந்துவிடும். கோவிந்தன் இடத்தையும் மற்றவன் இடத்தையும் நான் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். இதைச் சொல்லத் தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கோவிந்தன் உன்னைத் தேற்றுகிறேன் என்று, "உட்ரு கலை. கடலுக்கு அடியில போயி எவன் பாக்கப்போறான்? யாருக்குத் தெரியும்?" என்றார். அப்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "இதப் படிச்சுட்டு, முட்டை இங்கதான் இருக்கு, இங்க வல போடக் கூடாதுன்னு எவனாவது சட்டம் போட்டா, அங்க போயி மீன் புடிக்கற பரங்கிப்பேட்டக்காரங்க இன்னா ஆவாங்க மாமா? நெசமா முட்டை இருக்கற எடத்துல பெரிய படகு வந்து வாரினு போனா நீங்க இன்னா ஆவீங்க?" கோவிந்தன் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

அந்தக் கட்டுரையை வைத்துத்தான் கல்லூரி வேலைக்கு உன் பெயர் முதலில் இருந்தது. அது எங்களுக்குத் தெரியும். கட்டுரை தப்பு என்று வேலை கிடைத்த பிறகு சொல்லக் கூடாதா என்று அம்மா கேட்டாள். நானும் அதையே கேட்டேன். "அப்பறம் சொன்னா அது வேற, நைனா" என்றாய். உன்னுடைய பேராசிரியர் அம்மாவின் பெயரும் அதில் இருந்தது. அவர் போனில், நீ எழுது, நானும் கூடக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம். கட்டுரையைப் போட்டவர்களுக்கு எழுதினாய். வேலை வேறு யாருக்கோ போனது. நீ பையை எடுத்துக்கொண்டு குஜராத்தில் வேராவல் துறைமுகத்துக்குப் போனாய், அங்கே இறங்குகிற மீனுக்குக் கணக்கு எழுதுகிற வேலைக்கு. ரயில் ஏறும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டாய். என்னிடம், "முட்டிக்கு மருந்து தடவுங்க" என்றாய்.

அதற்குப் பிறகு நீ வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் சாமிகள் எல்லாம் கடலுக்கு வந்து திரும்பின, அதற்கும் நீ வரவில்லை. ஞாயிறு போனில் அம்மாவோடு அரை மணி பேசுகிறாய். பிறகு போன் என் கைக்கு வரும். சாப்பிட்டீங்களா என்பாய், சாப்பிட்டேன் என்பேன். முட்டி எப்படி இருக்கு என்பாய், பரவாயில்லை என்பேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். ஒரு நாள் அவள், "ஒங்க ரெண்டு பேருக்கும் முட்டிய உட்டா வேற பேச்சு இல்லியா?" என்று சத்தம் போட்டாள். எனக்குப் பேச நிறைய இருந்தது. போனில் அதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. இப்படி எழுதும்போது தெரிகிறது.

கரையில் ஒரு பேச்சு பரவியது. கோவிந்தன் மகள் யாரிடமோ கேட்டு வந்து சொன்னதாம், கலை நம்மை எல்லாம் பொய்க்காரர்கள் என்று கம்ப்யூட்டரில் எழுதிவிட்டாள் என்று. "இன்னா மச்சான், ஒம்பொண்ணு நம்ம பேர ஒலகம் பூரா நாறடிச்சிட்டாளாமே?" என்று கோவிந்தன் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டாலும் உறைத்தது. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது, மறுத்துப் பேச முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கலை. நீ அப்படி எழுதியிருப்பாய் என்று நானும் நம்பினேன். கோபத்தில் எழுதியிருப்பாய், எழுதட்டும் என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை.

இப்போது வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் முதலில் எழுதியது கடலுக்குப் போன முதல் நாளைப் பற்றி. அரைப் பக்கம். கட்டுமரத்தில் ஏறியதும் வாந்தி எடுத்தேன், அப்பா சிரித்தார், மீன் கிடைக்கவில்லை, வெயில் ஜாஸ்தி, திரும்பி வந்து பழைய சோறு தின்றேன், அவ்வளவுதான் எழுதியிருந்தேன். ரேவதி அதைப் போனில் ஏற்றினாள். போன், இதை அழகாக்கட்டுமா என்று கேட்டதாம். அவள் சரி என்று அமுக்கிவிட்டாள். மறுநாள் கரை முழுவதும் என் பேச்சுதான். சிங்கப்பூரில் இருக்கிற நம் சொந்தக்காரப் பையன்கூடப் பாராட்டி எழுதியிருந்தான். நான் போனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். அன்னைக் கடல் என்னை மடியில் ஏந்திக்கொண்டாளாம். அலைகள் தாலாட்டினவாம். வாந்தியைக் காணோம். கடைசியில், வலை கொள்ளாத மீனோடு நான் கரை திரும்பியிருந்தேன். கீழே என் பெயர் இருந்தது.

கோவிந்தனுக்கு அவர் பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "மொத நாளே வல நெறைய மீனா? அன்னிக்கு நீ வாந்தி எடுத்துட்டுத் தலகீழா கெடந்த. நானும் அந்த மரத்துலதான இருந்தேன்?" நான் எழுதவில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. உன் பேர்தானே போட்டிருக்கிறது என்றார். அவர் சொல்வதும் சரிதானே. ரேவதியிடம் போய், இதை எடுத்துவிடு, நான் எழுதியதைப் போடு என்றேன். அவள் நல்ல பெண், எனக்குப் பெருமை சேர்க்க நினைத்துத்தான் செய்தாள். "எவ்ளோ அழகா இருக்கு தாத்தா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள்.

யாருக்குத் தெரியும் என்ற அந்த வார்த்தையை நான் முன்பே நம் வீட்டுச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்டிருக்கிறேன். அப்போது அது எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது என் பெயருக்கு மேலே நான் பிடிக்காத மீன் குவிந்து கிடக்கும்போதுதான், நீ அன்று ஏன் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. சிங்கப்பூரில் இருக்கிற பையன் என் வலையை எட்டிப் பார்க்க முடியாது. நான் சொன்னால் சொன்னதுதான் என்று நம்புகிறான். கரையில் கை காட்டுவது வேறு. அங்கே கேட்பவனுக்கு எங்களைத் தெரியும், எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று தெரியும். அதே வார்த்தை எழுத்தில் ஏறி எங்கேயோ போய்விட்டால், அங்கே அதைப் படிக்கிறவனுக்கு எங்கள் முகம் தெரியாது. அவனுக்கு இருப்பது அந்த எழுத்து ஒன்றுதான்.

ரேவதி புரிந்துகொண்டு மாற்றினாள். வாந்தி திரும்பி வந்தது. முன்பு வந்திருந்தது நான் எழுதியதல்ல, அன்று மீன் கிடைக்கவில்லை என்று கீழே ஒரு வரியும் போடச் சொன்னேன். அந்த வரியைப் போட்ட பிறகு, சிங்கப்பூர்ப் பையன் ஒன்றும் எழுதவில்லை. கோவிந்தன் மட்டும், "இப்பதான்யா நீ எழுதன மாதிரி இருக்கு" என்றார்.

அன்றைக்கே ரேவதியிடம், என் பெண் எழுதியது இந்தப் போனில் வருமா என்று கேட்டேன். உன் பெயரைப் போட்டாள், வந்தது. பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே பெரிய சிவப்பு எழுத்து. அவள் முகம் மாறிவிட்டது, போனைத் திருப்பப் பார்த்தாள். எனக்குத் தெரியும் அம்மா, படி என்றேன். அந்தச் சிவப்பு எழுத்துக்குத் திரும்பப் பெறப்பட்டது என்று அர்த்தம் சொன்னாள். கட்டுரையை அழித்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அழிக்கவில்லை. நீ எழுதியது முழுக்க அப்படியே இருக்கிறது, அதன் மேல் நீ சொன்ன திருத்தமும் இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பக்கத்திலேயே ஏன் திரும்பப் பெறுகிறாய் என்று நீ எழுதியிருந்ததை அவள் தமிழில் மெதுவாகச் சொன்னாள். நான் ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொண்டேன். என் கையெழுத்தில் அது இப்படி இருக்கிறது: இதில் சொன்ன இடங்கள் சரியல்ல. கேட்ட முறை தவறு. அது என் தவறு. உழைத்து உண்டாக்கிய இடத்தை மற்றவர் முன் சொல்லாமல் இருப்பது இந்த மீனவர்களின் வழக்கம். அந்த வழக்கமுள்ள வீட்டில் பிறந்தும் நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. இதை நம்பி யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கரைக்குப் போனேன். கோவிந்தனும் மற்றவர்களும் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் நிறுத்தி, எழுதியதை வாய்விட்டுப் படித்தேன். தடுமாறித்தான் படித்தேன். படித்து முடித்ததும் கோவிந்தன், "இன்னொரு வாட்டி படி" என்றார். மறுபடியும் படித்தேன்.

"நம்மள ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்ல."

"வழக்கம்னு போட்டிருக்கா."

"ஆமா."

அவர் வலையைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அவள வரச் சொல்லு மச்சான். வந்து வூட்ல, தனியா கேக்கட்டும். பேரு போடாம எழுதிக்கட்டும். நான் சொல்றேன்." பக்கத்தில் இருந்த தேவேந்திரன், "இங்கிலீசுல போட்டா பரவால்ல மாமா, பெரிய படகுக்காரன் எவனுக்கும் படிக்க வராது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உன் பெயரைச் சொல்லி அங்கே சிரித்துப் பேசி எவ்வளவு நாளாகிறது!

அப்பன் என்று இருந்தால் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். உனக்கு நான் என்ன சொல்வது? இனிமேல் நாலு பேர் நிற்கிற இடத்தில் கேட்காதே. ஒருவனிடம் உண்மை வேண்டுமென்றால், உண்மை சொல்வதற்கு அவனுக்கு ஓர் இடம் கொடு. சொன்னால் அவனுக்கு என்ன நஷ்டம் என்று முதலில் நினைத்துப் பார். இதை நீயே கண்டுகொண்டாய், எழுதியும் விட்டாய். நான் சொல்வது பழைய மீன்தான். வேலை போனதற்காக உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே என்று மட்டும் சொல்கிறேன். அந்தச் சிவப்பு எழுத்தை நினைத்து ஊருக்கு வரக் கூசுகிறாயோ என்று உன் அம்மா பயப்படுகிறாள். நான் அதைப் பார்த்துவிட்டேன். ரேவதி பிறகு எனக்கு விளக்கினாள், மற்றவர்கள் கண்டுபிடித்து எடுக்க வைத்ததுக்கும் அதே எழுத்துத்தானாம், தானே போய்ச் சொன்னதுக்கும் அதே எழுத்துத்தானாம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கிட்டே போய்ப் படிப்பவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். நான் படித்தேன், கலை. கரைக்கும் படித்துக் காட்டினேன். இனிமேல் இங்கே யாரும் உன்னை அந்த எழுத்தை வைத்துப் பேச மாட்டார்கள்.

கோபம் உனக்கு என் மேல்தான் என்பது எனக்குத் தெரியும். எங்கிட்டயுமா என்று கேட்டாயே, அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. கோவிந்தன் இடத்தை நான் இப்போதும் சொல்ல மாட்டேன், அதை அவரே சொல்வார். ஆனால் என் இடம் எனக்குச் சொந்தம். என் ஓலைக்கட்டுகள் எங்கே கிடக்கின்றன என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ வைத்த பெட்டி நான் போகிற பக்கத்தைக் காட்டியிருக்கும், கட்டு எந்த இடத்தில் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியாது. இப்போது என் போட்டை ஓட்டுகிற தேவேந்திரனுக்கும் தெரியாது. நான் ஏறுகிற நாளில் மட்டும் அங்கே போவோம், அவனை வேறு பக்கம் பார்க்கச் சொல்லிவிடுவேன். அது உனக்குத்தான். உன் அட்டையில் எழுதிக்கொள், அச்சில் போடு, போடாமல் இரு, உன் இஷ்டம்.

இந்தக் கடிதத்தில் அதை எழுதலாம் என்று பார்த்தேன். கரையில் எதை எதற்கு நேராகப் பார்க்க வேண்டும், எத்தனை பாகம், எல்லாவற்றையும் இப்போது எழுத எனக்குத் தெரியும். ஆனால் ரேவதியின் பக்கத்தைத் துறைமுகமே படிக்கிறது. எழுதினால் தெற்கே என்றுதான் எழுத வேண்டி வரும். உனக்கு எழுதுகிற கடிதத்தில் இன்னொரு தடவை அதைச் செய்ய மாட்டேன். அதனால் நீதான் வர வேண்டும். தை பிறந்து கடல் அடங்கியதும் வா. உன்னைப் போட்டில் ஏற்றிக்கொண்டு நானே போகிறேன். பெண்பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போனான் என்று யாராவது பேசினால் பேசட்டும். இடத்துக்குப் போனதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உன்னிடம் சொல்கிறேன். நீ கேட்கக்கூட வேண்டாம். உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். நானும் வருவேன், எனக்கும் காட்டணும் என்று நிற்கிறாள்.

உன் நைனா